ஆன்லைன் ஏலத்தில் பழைய கட்டுமான மிஷின்: வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாக ஆன்லைன் ஏலத்தில் எடுத்த எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் மிஷின்), படத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. புது மஞ்சள் பெயிண்ட், கழுவித் துடைத்த கேபின், ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் மனசுக்கு இதமான ஒரு எண். வந்து இறங்கிய அன்று பக்கெட்டைத் தரையில் ஊன்றி மெல்லத் தூக்கச் சொன்னேன். தோண்டும் கையின் மேல்பகுதியான பூமும் கீழ்ப்பகுதியான ஆர்மும் சேரும் மூட்டில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். இறக்கினால் மறுபடி ‘டொக்’. மூட்டைக் கோர்க்கும் இரும்புப் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து, அவை உட்காரும் ஓட்டையே முட்டை வடிவமாகியிருந்தது. வெல்டிங் வைத்து நிரப்பி, ஓட்டையை மறுபடி வட்டமாகக் கடையும் லைன் போரிங் போட்டு, புதுப் பின் அடித்து முடிப்பதற்குள், ஏலத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு கரைந்துவிட்டது. விளம்பரத்தில் 41 படங்கள் இருந்தன. அந்த மூட்டு ஒன்றில்கூட இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

ஏலத்தில் லாப நஷ்டம் முடிவாவது பட்டனை அழுத்துவதற்கு முந்தைய நாட்களில்தான். அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். விற்பவருக்கான பகுதி கடைசியில் இருக்கிறது.

முதலில் பெயர்

நம் பேச்சில், முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் இருந்தால் அது ஜேசிபி. செயினில் ஓடி முழு வட்டமாகச் சுழன்றால் பொக்லைன், அல்லது ஹிட்டாச்சி. மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். ஜேசிபி 1945-இல் இங்கிலாந்தில் தொடங்கியது, பொக்லைன் பிரான்சு, ஹிட்டாச்சி ஜப்பான். ஏலத் தளத்தில் இந்தப் பெயர்களைப் போட்டால் அந்தந்தக் கம்பெனி மிஷின் மட்டும்தான் வரும். பேக்ஹோ லோடர் (நம் ஜேசிபி), கிராலர் எக்ஸ்கவேட்டர் (நம் பொக்லைன்), வீல் லோடர், மோட்டார் கிரேடர் என்று வகையைப் போட்டுத் தேடுங்கள். எக்ஸ்கவேட்டரின் மாடல் எண்ணில் எடை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கேட்டர்பில்லர் 320, கொமாட்சு பிசி200 இரண்டுமே ஏறக்குறைய 20 டன் வகை.

உங்கள் வேலைக்கு எந்த எடை, எந்த மாடல் என்று இரண்டு மூன்றுக்குள் சுருக்கிக்கொண்டு, குறைந்தது மூன்று ஏலங்களைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பாருங்கள். எந்த வருட மிஷின், எத்தனை மணி நேரம் ஓடியது, என்னென்ன பக்கெட்டோடு என்ன விலைக்கு முடிந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். விற்பனை விளம்பரங்களில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை விலை. ஏலத்தில் முடிந்த விலைதான் ஒருவர் உண்மையில் கொடுத்த காசு.

ஏலத்தின் விதிகள்

கனடாவின் கெலோனா ஊரில் 1958-இல் ரிச்சி சகோதரர்கள் தங்கள் மரச்சாமான் கடைச் சரக்கை ஏலம் விட்டதில் தொடங்கியது ரிச்சி பிரதர்ஸ் என்ற ஏலக் கம்பெனி. 1963 வாக்கில் கட்டுமான இயந்திரங்களுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கால ஏலத்தில் மிஷினை மேடைமேல் ஓட்டிக் காட்டுவார்கள். கூட்டத்தில் நிற்பவர் புகையைப் பார்க்கலாம், எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாம். 1999-இல் அயர்ன்பிளானட் என்ற கம்பெனி இதை இணையத்துக்குக் கொண்டுபோனது. மிஷின் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கும், ஒரு பரிசோதகர் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார், வாங்குபவர் அறிக்கையைப் படித்து ஏலம் கேட்பார். 2017-இல் அயர்ன்பிளானட்டை ரிச்சி பிரதர்ஸே வாங்கிவிட்டது. லாரிச் செலவு ஒரு நடை மிச்சமானது. காதும் மூக்கும் செய்த வேலையை இப்போது ஒரு காகிதம் செய்கிறது.

சில ஏலங்களில் குறைந்தபட்ச விலையே கிடையாது, கடைசியாகக் கேட்டவருக்குப் போய்விடும். சிலவற்றில் விற்பவர் ஒரு தரை விலையை ரகசியமாக வைத்திருப்பார், அதைத் தொடாவிட்டால் மிஷின் விற்காது. எந்த வகை என்பது விளம்பரத்திலேயே இருக்கும். விதிகள் பக்கத்தில் தேட வேண்டியவை: வாங்குபவர் தர வேண்டிய கூடுதல் கட்டணம் எத்தனை சதவீதம், முன்பணம் எவ்வளவு, பணம் கட்ட எத்தனை நாள், மிஷினை எடுத்துப்போக எத்தனை நாள், தாமதித்தால் தினசரி வாடகை உண்டா, லாரியில் ஏற்றுவது யார் பொறுப்பு. ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்ற வரியும் அநேகமாக இருக்கும். அதன் அர்த்தம்: எடுத்தபின் வந்து அழக்கூடாது. சில தளங்கள் பரிசோதனை அறிக்கைக்கு உத்தரவாதம் தருகின்றன. அங்கேயும் உத்தரவாதம் அறிக்கையில் எழுதியதற்கு மட்டும்தான். எழுதாமல் விட்டது உங்கள் தலையில்.

ஹவர் மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்றால் 2,000 மணி. பத்து வருட மிஷின் 4,000 மணி காட்டினால் இரண்டில் ஒன்று: சும்மா நின்றிருக்க வேண்டும், அல்லது மீட்டர் மாற்றப்பட்டிருக்க வேண்டும். சும்மா நின்ற மிஷினும் நல்லது என்று அர்த்தமில்லை. ரப்பர் சீல்கள் காய்ந்து போயிருக்கும்.

மீட்டரை நம்பாமல் கேபினுக்குள் பாருங்கள். கால் வைக்கும் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, ஜாய்ஸ்டிக் பிடியில் கோடுகள் அழிந்திருக்கின்றனவா, சீட்டின் இடது ஓரம் (ஆபரேட்டர் ஏறி இறங்கும் பக்கம்) கிழிந்திருக்கிறதா. இவை மூன்றும் 3,000 மணியில் இப்படி ஆகாது. ஓரளவு புதிய மிஷின்களில் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடிய நேரம் தனியாகப் பதிவாகியிருக்கும். கம்பெனி டீலரின் மெக்கானிக் லேப்டாப்பைச் சொருகினால் அது தெரியும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

நேரில் பார்ப்பது

முடிந்தால் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஊரில் ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அனுப்புங்கள். ஒரு நாள் கூலி உங்களுக்குச் செலவாகத் தெரிந்தால் மேலே உள்ள முதல் பத்தியை மறுபடி படியுங்கள்.

மிஷின் குளிர்ந்திருக்கும்போது போய் நிற்க வேண்டும். “வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்னால் சிரமப்பட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். ஆயில் குச்சியை இழுத்து, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ஸ்டார்ட். கறுப்புப் புகை காற்று போதாததைக் காட்டும், ஃபில்டர் அடைத்தாலே வரும். நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் எரியாத டீசல் அல்லது கூலண்ட். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் வாயிலேயே தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் வழியாக அழுத்தம் ஒழுகுகிறது. பெரிய வேலை.

ஹைட்ராலிக்கை (ஆயில் அழுத்தத்தால் மிஷினின் கையை அசைக்கும் அமைப்பு) இருபது முப்பது நிமிடம் வேலை வாங்கிய பிறகு சோதியுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்ப்கூட அப்போது நன்றாகவே வேலை செய்வதுபோல் காட்டும். சூடேறியதும் பூம் தூக்குவது, சுழல்வது, பக்கெட் மடக்குவது மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். ஒன்று செய்யும்போது மற்றது நின்று தூங்கினால் பம்ப்பையோ வால்வையோ சந்தேகப்படுங்கள். பிறகு பூமைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். கண்முன் இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது வால்வு ஒழுகுகிறது. தூக்கிய பூமுக்குக் கீழே மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

அடுத்தது மூட்டுகள், என் பழைய புண். பக்கெட்டைத் தரையில் ஊன்றி, லேசாகத் தூக்கி இறக்கும்போது ஒவ்வொரு பின்னையும் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். கிரீஸ் வழிய வழியப் பூசியிருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் ஆட்டத்தைச் சிறிது நேரம் மறைக்கும். மேல் உடம்பு சுழலும் பெரிய பேரிங்கிலும் இதே சோதனை. பக்கெட்டை ஊன்றி மிஷினின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கினால், மேல் உடம்புக்கும் கீழ் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு விரிகிறது என்பது தெரியும். அந்த பேரிங் மாற்ற மேல் உடம்பு முழுவதையும் கிரேன் வைத்துக் கழற்ற வேண்டும்.

செயின் மிஷின் என்றால் அண்டர்கேரேஜுக்கு (செயினும் அதைத் தாங்கும் உருளைகளும் சேர்ந்த அடிப்பாகம்) அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மண் தள்ளும் டோசருக்கு அதன் வாழ்நாள் பராமரிப்புச் செலவில் பாதியளவு இதற்கே போகும் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. செயினை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகியிருக்கிறதா, ரோலரில் ஆயில் ஒழுகுகிறதா, செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிவரை தள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள். புது ஸ்ப்ராக்கெட்டும் பழைய செயினும் சேர்ந்திருந்தால் அது விற்பனைக்குப் போட்ட ஒப்பனை; தேய்ந்த செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். இன்னொரு பொறி பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கிறது. ‘அண்டர்கேரேஜ் 70%’ என்று எழுதியிருப்பார்கள். 70% மிச்சமா, 70% தேய்ந்ததா? இரண்டு விதமாகவும் எழுதுகிற ஆட்கள் உண்டு. கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நேரம் இருந்தால் எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பலாம். ஆயிலில் இரும்பு அதிகமென்றால் உள்ளே உராய்வு. சிலிக்கான் அதிகமென்றால் மண் தூசி உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டரை யாரோ கவனிக்கவில்லை.

புதிய தலைமுறை எஞ்சின்கள் பலவற்றில் புகைக்கரி பிடிக்கும் ஃபில்டரும், யூரியா கரைசல் ஊற்றும் டேங்கும் இருக்கும். இந்தப் புகைக் கட்டுப்பாட்டு அளவை அமெரிக்கக் கணக்கில் டியர் 4 ஃபைனல், ஐரோப்பியக் கணக்கில் ஸ்டேஜ் 5 என்பார்கள். இந்த எஞ்சின்களுக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். நீங்கள் ஓட்டப்போகும் இடத்தில் அது கிடைக்காவிட்டால் மிஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்றி ஓடும் மிஷின்களும் ஏலத்துக்கு வருகின்றன. பல நாடுகளில் அது சட்டவிரோதம்.

காகிதம்

ஒரு கம்பெனியின் ஒரே சாவி அந்தக் கம்பெனியின் பல மிஷின்களை ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இந்தத் தொழிலில் பல காலமாக இருக்கிறது. ஆகவே திருட்டு மிஷின் கைமாறுவது அபூர்வமல்ல. ஃபிரேமில் பதித்திருக்கும் அடையாள எண்ணை, தகட்டில் இருப்பதோடும் விளம்பரத்தில் இருப்பதோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இப்போதைய மிஷின்களில் அது 17 இலக்கம், பழையவற்றில் குறைவு. தகட்டைச் சுற்றி மட்டும் புதுப் பெயிண்ட், ரிவெட் வேறு மாதிரி என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். அந்த எண்ணை வைத்து, மிஷின்மேல் ஏதாவது நிதி நிறுவனத்தின் கடன் நிற்கிறதா என்றும் விசாரியுங்கள். கடன் கட்டாத மிஷினை வாங்கினால் ஒரு நாள் கடன்காரர் உங்கள் சைட்டுக்கு வந்து நிற்பார்.

போலித் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான ஏலக் கம்பெனியின் பெயர், லோகோ, படங்கள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, நம்ப முடியாத மலிவு விலை போட்டு, முன்பணத்தோடு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெயித்த பிறகு “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். நீங்கள் முன்பே வேறு வழியில் தெரிந்து வைத்த எண்ணுக்குப் பேசுங்கள்.

உச்ச விலை

இப்போது நோட்டை எடுங்கள். நீங்கள் குறித்து வைத்த விலைகளை வைத்து, வேலைக்குத் தயாராக உங்கள் சைட்டில் நிற்கும் அதே மாதிரி மிஷினின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். லாரி, ஏற்றி இறக்குவது 7. பார்த்த குறைகளைச் சரிசெய்ய 14. காப்பீடு, காகிதச் செலவு 1. பார்க்காத குறைகளுக்கு 8. (இந்த எட்டை யாரும் ஒதுக்குவதில்லை, எல்லோரும் செலவழிக்கிறார்கள்.) மிச்சம் 70. வாங்குபவர் கட்டணம் 10% என்றால் 70-ஐ 1.1-ஆல் வகுங்கள்: 63.6. உங்கள் உச்சக் கேள்வி 63. திரும்பப் பெற முடியாத வரி இருந்தால் இன்னும் இறங்கும். கட்டணத்தின் மீதும் வரி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

100 மதிப்புள்ள மிஷினுக்கு 63 என்றால் மலிவு மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் சரி விலை. 75-க்கு எடுப்பவர் சந்தையைவிட அதிகம் கொடுத்திருக்கிறார், அது தெரியாமல் அன்று இரவு சந்தோஷமாகத் தூங்குவார்.

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். நிலத்தின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாது, எல்லோரும் ஊகிக்கிறார்கள், எவருடைய ஊகம் மற்ற எல்லோரையும்விட எகிறிப் போயிருக்கிறதோ அவரே ஜெயிக்கிறார். இதற்கு ‘வென்றவர் சாபம்’ என்று பெயர் நின்றுவிட்டது. பார்க்காமல் வாங்கும் மிஷினுக்கு இது அப்படியே பொருந்தும். பத்துப் பேர் போட்டியிட்டு நீங்கள் ஜெயித்தால், மற்ற ஒன்பது பேர் எதைப் பார்த்து நின்றார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கத்தான் வேண்டும். போட்டி கூடக்கூட உங்கள் உச்ச விலையைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது, மனசு நேரெதிராகத்தான் சொல்லும்.

ஏல நாள்

பெரும்பாலான தளங்களில் உங்கள் உச்ச விலையை முன்பே பதிந்து வைக்கலாம். தளம் உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றும். அடுத்தவர் 50-இல் நின்றுவிட்டால் உங்களுக்கு அதற்கு ஒரு படி மேலே முடியும், 63 போகாது. ஜெயித்தவர் தன் விலையைக் கட்டாமல் இரண்டாவதாக நின்றவரின் விலையைக் கட்டும் ஏல முறை ஒன்றைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் அலசினார், அதற்கு இது நெருங்கிய உறவு. இப்படிப்பட்ட ஏலத்தில் உண்மையான உச்ச விலையைச் சொல்லிவிடுவதே லாபம். கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கலாம் என்ற கணக்கும் பலிக்காது. கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்படிதான் பல தளங்கள் வைத்திருக்கின்றன. விலையைப் பதிந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், “இன்னும் ஒரே ஒரு படி” என்று கை போய்விடும்.

ஜெயித்த பிறகு

ஜெயித்த நொடியிலிருந்தே மிஷினுக்கு வரும் சேதம் உங்களுடையது என்று பல விதிகள் சொல்லும். காப்பீட்டை அன்றே பேசுங்கள். 20 டன் எக்ஸ்கவேட்டர் ஏறக்குறைய 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் இருக்கும். சாதாரண லாரியில் ஏறாது, தளம் தாழ்ந்த லோபெட் டிரெய்லர் வேண்டும். பல சாலைகளில் அனுமதியும் வேண்டும். கப்பலில் போவதானால் அது சாதாரணக் கன்டெய்னருக்குள் நுழையாது. தானே உருண்டு ஏறும் கப்பலோ, பக்கச் சுவர் இல்லாத தட்டைக் கன்டெய்னரோதான் வழி. மினி எக்ஸ்கவேட்டர் உள்ளே போய்விடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் செயினில் ஒட்டிய மண்ணோடு வரும் மிஷினை அனுமதிப்பதில்லை, கழுவும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

ஏற்றும் முன் உங்கள் ஆள் அங்கே இருந்து, பேட்டரி, பக்கெட், சாவி, கையேடு எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பட்டியலோடு சரிபார்க்கட்டும். வந்து இறங்கியதும் வேலைக்கு அனுப்பாமல் எல்லா ஆயிலையும் எல்லா ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால் எந்தப் பாகம் என்று அப்போதே தேட ஆரம்பிக்கலாம்.

விற்பவருக்கு

மேலே வாங்குபவர் எதையெல்லாம் தேடுவார் என்று பார்த்தீர்கள். அதையெல்லாம் நீங்களே காட்டிவிடுங்கள். தேய்ந்த செயினின் நெருக்கமான படமே இல்லாவிட்டால், அது இருப்பதைவிட மோசம் என்று நினைத்துத்தான் வாங்குபவர் விலை கேட்பார். கழுவுங்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். அனுபவசாலிக்குப் புதுப் பெயிண்ட் என்றாலே எதை மூடினார்கள் என்ற கேள்விதான் வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டை வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், புகைக்குழாய் தெரியும்படி. சர்வீஸ் ரசீதுகளைப் படமெடுத்துச் சேருங்கள். பேட்டரி செத்த மிஷினை ‘ஓடவில்லை’ என்று பரிசோதகர் எழுதிவிட்டால் பேட்டரி விலையைவிடப் பல மடங்கு நஷ்டம்.

குவிக் கப்ளர் (பக்கெட்டைச் சட்டென்று மாற்றும் கொக்கி), பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) போன்ற உபரி உறுப்புகளைத் தனியாக விற்றால் அதிகம் வருமா என்று பழைய ஏல விலைகளைப் பார்த்து முடிவெடுங்கள். பக்கெட்டே இல்லாமல் மட்டும் எக்ஸ்கவேட்டரை விற்காதீர்கள். தரை விலை வைப்பதா வேண்டாமா என்பதில் என் கட்சி இதுதான்: எல்லோருக்கும் வேண்டிய மாடல் என்றால் வைக்காமல் விடுங்கள், கூட்டம் சேரும், கூட்டமே விலையை ஏற்றும். இரண்டு மூன்று பேர் மட்டுமே தேடக்கூடிய அபூர்வ மிஷினுக்குத் தரை விலை இல்லாமல் போகவே போகாதீர்கள். ஏலக் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது நேர்க் கமிஷன், குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம், மொத்தமாக அவர்களே வாங்கிக்கொள்வது என்று மூன்று வழிகள் சொல்வார்கள். உங்கள் பயம் குறையக்குறைய உங்கள் பங்கும் குறையும். கழுவும் கூலி, இடமாற்றக் கூலி கமிஷனுக்கு மேல் தனியாகப் பிடிக்கப்படுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

பணம் கணக்கில் ஏறாமல் மிஷினை ஏற்றவிடக் கூடாது. ஏற்றும்போது ஹவர் மீட்டரும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எல்லோரும் மறக்கும் ஒன்றும் இருக்கிறது. மிஷின் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று போனில் காட்டும் டெலிமேட்டிக்ஸ் கணக்கிலிருந்து அதை விடுவித்து, ஸ்டார்ட் செய்யும் ரகசிய எண்ணையும் வாங்கியவருக்கு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், விற்று மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “அண்ணே, வண்டி பாஸ்வேர்டு கேக்குது” என்று முன்பின் தெரியாத ஓர் ஆபரேட்டர் உங்களை எழுப்புவார்.